ஜெராக்ஸ் கடைக்கு வரும் புது ஆட்கள்

ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் எங்கே போவார்கள்? கோயிலுக்கு என்பார்கள், டீக்கடைக்கு என்பார்கள். என்னைக் கேட்டால் ஜெராக்ஸ் கடைக்கு. எந்த ஆபீசுக்குப் போனாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்காமலே சொல்வது, "ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்பதுதானே. எதை ரெண்டு ஜெராக்ஸ் என்று தெரியாமல் கையில் இருக்கிற எல்லாக் காகிதத்தையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

எங்கள் கடை ஆனையூரில், வீட்டின் முன்னறையிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கடை என் பொறுப்பு. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி சூடேறி மக்கர் பண்ணும் லேமினேஷன் மெஷின். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கி, டோனருக்கும் கரண்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதில் ஒன்றும் கிழியாது. கடை ஓடுவது விண்ணப்பத்தில்தான். வருமானச் சான்று, பான் கார்டு, ஆதார் திருத்தத்துக்கு நாள் வாங்குவது, காலேஜ் அட்மிஷன், ரயில் டிக்கெட்.

எங்கள் பக்கத்தில் இரண்டு விதமான வெளியூர்க்காரர்கள் உண்டு. ஒன்று, இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருப்பவர்கள். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மூன்று முகாம்கள். இன்னொன்று, ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் என்று வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்கள். சென்ட்ரிங், கம்பி கட்டுவது, டைல்ஸ் ஒட்டுவது, ஓட்டலில் சப்ளை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் எங்கள் கடையில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லோரும் டீச்சரக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், அதையே வைத்துக்கொள்கிறேன்.

டீச்சரக்கா 1990-இல் மன்னார் பக்கமிருந்து படகில் வந்தவர். அப்போது அவருக்கு நாலு வயது. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு ஆனையூர். மண்டபம் முகாமே, வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன நம் ஆட்களை நோய் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தி வைத்த இடம். இங்கிருந்து போன சனத்துக்குக் கட்டிய கொட்டகையில் அங்கிருந்து வந்த சனம் படுத்தது. ஆனையூரில் பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் இருந்ததாகச் சொல்வார். அந்த அறையில் படித்து பி.காம் முடித்தவர். எங்களோடு பேசும்போது அச்சு அசல் மதுரைக்காரி, "ஏய், என்னடி" எல்லாம் வரும். அம்மாவிடமிருந்து போன் வந்தால் "ஓம் அம்மா, வாறன்" என்று ஆளே மாறிவிடுவார்.

டீச்சர் என்ற பட்டம் முகாமில் மாலை வகுப்பு எடுத்ததால் வந்தது. முகாம்களில் மாலை வகுப்பு என்பது பழைய வழக்கம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்று ஒன்று, சந்திரகாசன் தொடங்கியது, இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன். 1984-இலிருந்து நடக்கிறது. அகதிகளே அகதிகளுக்காக நடத்துகிற அமைப்பு. இயேசு சபைக்காரர்களின் அகதிகள் பணி என்று இன்னொன்று. இந்த மாதிரி இடங்களில் பயிற்சி எடுத்த முகாம்ப் பெண்கள்தான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, கர்ப்பிணிகளுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம். டீச்சரக்கா பகலில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறார். சாயங்காலம் என் கடைக்கு வருவார். சம்பளம் என்று பெரிதாக நான் கொடுப்பதில்லை. விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று பங்கு.

அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு ஆள் வந்து நின்றதும் "என்ன வேணும்?" என்று கேட்க மாட்டார். "யாரு உங்கள அனுப்புனது, என்ன சொல்லி அனுப்புனாங்க?" என்றுதான் கேட்பார். நமக்கு இது தோன்றாது. அலைக்கழிக்கப்பட்ட ஆளுக்குத்தான் தெரியும், வந்தவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது, யாரோ சொன்னதுதான் தெரியும் என்று.

2024 கடைசியில், ஒடிசாக்காரக் குடும்பம் ஒன்று வந்தது. புருஷன் டைல்ஸ் வேலை. மனைவி, ஏழு வயதுப் பையன். அந்தப் பெண் வாயும் வயிறுமாக நின்றாள். புருஷனுக்கு ஹிந்தி தெரியும், தமிழில் "அண்ணா, எவ்ளோ, நாளைக்கு" மூன்று வார்த்தை. மனைவிக்கு ஒடியா மட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் ஹிந்தி தெரியாது. போனில் பேசினால் அது தமிழில் எழுதிக் காட்டும், அதை வைத்துக்கொண்டுதான் பேச்சு.

ஆதார் கார்டை நீட்டினார்கள். யாரோ இன்னொரு கடையில் ஆதாரில் மதுரை விலாசம் மாற்றினால்தான் இங்கே எதுவும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். விலாசம் மாற்ற வீட்டு ஓனர் கரண்ட் பில் தர வேண்டும், அவர் தர மாட்டேன் என்கிறார். இவர்கள் அதையே பிடித்துக்கொண்டு மாசக் கணக்கில் அலைந்திருக்கிறார்கள். டீச்சரக்கா கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் வயிற்றைக் காட்டி, "இதுக்கு நம்பர் போட்டாச்சா?" என்றார்.

நம் பெண்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கர்ப்பம் என்று தெரிந்ததும் பிக்மி நம்பர் வாங்க வேண்டும், பன்னிரண்டு இலக்கம். அது இல்லாமல் போனால் பிரசவத்தின்போதும் இழுபறி, குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் இழுபறி. நம் வீட்டுப் பெண்களுக்கு நர்ஸம்மாவே வீடு தேடி வந்து எழுதிக்கொண்டு போய்விடுவார். வாடகை அறைக்கு ராத்திரி ராத்திரியாக மாறிக்கொண்டிருக்கிற குடும்பத்தை நர்ஸம்மா எங்கே தேடுவார்?

விண்ணப்பத்தில் கடைசியாக மாதவிலக்கான தேதி கேட்கும். அதுதான் சிக்கல். புருஷன் வெளியே போய் பீடி பற்ற வைத்துக்கொண்டான். அந்தப் பெண் சுவரில் இருக்கும் தினசரி காலண்டரைப் பார்த்தாள், அதில் முருகன் படத்துக்குக் கீழே தமிழ் எண்ணும் நட்சத்திரமும் யோகமும்தான் இருந்தன. போனைப் பிடுங்கி ஒரு வீடியோ தேடிக் காட்டினாள். பெரிய பெரிய தேர், கடல் மாதிரி கூட்டம். பூரி ஜெகந்நாதர் தேர். அதைக் காட்டிவிட்டு, பத்து விரலையும் விரித்து, கையைப் பின்பக்கமாக ஆட்டினாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. டீச்சரக்கா சிரித்துவிட்டார். "தேருக்குப் பத்து நாளுக்கு முன்னாடிங்கிறா." போனில் தேதி பார்த்தோம். அந்த வருஷம் ரத யாத்திரை ஜூலை 7. அப்படியென்றால் ஜூன் 27. எழுதிக்கொண்டோம்.

என் அம்மா என் பிறந்தநாளைச் சொல்வதே, அழகர் ஆத்துல இறங்கி மூணாம் நாள் என்றுதான். பள்ளிக்கூடத்தில் ஜூன் 5 என்று போட்டிருக்கிறது, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். அதனால் அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் டீச்சரக்கா ஹார்டுவேர் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதாதா என்று நான் கேட்டேன். எழுதிக் கொடுத்தால் கவுன்ட்டரில் இருப்பவர் ஏதாவது ஒரு கேள்வி கேட்பார், இவள் பேந்தப் பேந்த முழிப்பாள், "யாரையாவது கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் அவள் அந்தப் பக்கமே போக மாட்டாள் என்றார். நான் இத்தனை வருஷம் கடை வைத்து, எவ்வளவோ பேருக்கு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேர் அந்தக் கேள்வியோடு திரும்பி, என்னிடமும் வராமல், வீட்டுக்குப் போய்விட்டார்களோ.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். டி.சி. இல்லை. ஒடிசாவிலிருந்து வாங்கி வரச் சொன்னால் டிக்கெட் காசுக்கு எங்கே போவது? கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இலேயே வந்துவிட்டது. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பிள்ளையைச் சேர்க்காமல் விடக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் போட வேண்டும். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர், அவருக்கே சட்டம் தெரியும். "பேரு மட்டும் சரியா எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டார். காலையில் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இந்தக் காலை உணவுத் திட்டம் தொடங்கினதே நம் மதுரையில்தான், 2022 செப்டம்பர் 15, நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். ரவை உப்புமா, கிச்சடி, பொங்கல். பையன் முதல் ஒரு மாசம் பொங்கலில் மிளகை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைப்பானாம். இப்போது எங்கள் தெருப் பையன்களோடு சேர்ந்துகொண்டு என்னையே "யக்கோவ், ஒரு ரூவா சில்ற இருக்கா" என்கிறான்.

அடுத்து அடுப்பு. கேஸ் கனெக்‌ஷன் வாங்க விலாசச் சான்று வேண்டும், அது இல்லாமல் அந்தப் பெண் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள், எட்டு மாசத்தில். அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் போதும், ஐந்து கிலோ சின்னச் சிலிண்டர் தருவார்கள் என்பது நம் ஆட்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. டீச்சரக்காவுக்கு எப்படித் தெரியும் என்றால், முகாமில் வந்து தங்குகிற உறவுக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்த பழக்கம்.

ரேஷன்தான் கொஞ்சம் பாடுபடுத்தியது. ஒரே நாடு ஒரே ரேஷன் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடக்கிறது. ஒடிசாக் கார்டை வைத்து ஆனையூர்க் கடையில் அரிசி வாங்கலாம். குடும்பத்தில் கொஞ்சப் பேர் ஊரில் இருந்தால், அவர்கள் பங்கை அங்கேயும் இவர்கள் பங்கை இங்கேயும் பிரித்து வாங்கலாம். காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. கடைக்குப் போய்ப் புருஷன் மெஷினில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. டைல்ஸ் ஒட்டுகிறவன் கை, சிமெண்டும் ஒயிட் சிமெண்டும் தின்று, பாலீஷ் போட்ட மாதிரி வழவழவென்று இருக்கிறது. எங்கள் முகாம் ஆண்கள் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள், தின்னரில் கை கழுவிக் கழுவி அவர்களுக்கும் இதே கதை. "தேங்காய் எண்ணெய் தடவிட்டு ராத்திரி தூங்கு, காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கடைக்குப் போ" என்றார் டீச்சரக்கா. இது ஏதோ பாட்டி வைத்தியம் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை விழுந்துவிட்டது. அதற்குள் கூட்டிப் போனால் மனைவியின் விரலிலேயே எடுத்திருக்கலாம் என்பது வேறு விஷயம், அவள் பெயரும் கார்டில் இருக்கிறது. ஆனால் எட்டு மாசக்காரியை வரிசையில் நிறுத்த அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளிகளும் சேரலாம், ஆறு மாசத்துக்கு மேல் இங்கே இருப்பதற்குச் சான்று வேண்டும். முகாம்காரர்களுக்கு அதில் வருமான வரம்பே கிடையாது. இதையெல்லாம் கடை வாசலில் எழுதி ஒட்டலாம் என்று ஒரு தரம் ஒட்டினேன். யாரும் படிக்கவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தேவையில்லை, தேவைப்பட்டவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

இடையில் 2023 மார்ச்சையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வடநாட்டுக்காரர்களை அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள் என்று எங்கேயோ எடுத்த வீடியோவையெல்லாம் ஒட்டுப்போட்டுப் பரப்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் எங்கள் கடையில் ரயில் டிக்கெட்டுக்கு வரிசை. அந்த வாரம்தான் ஹோலியும். எவன் பண்டிகைக்குப் போகிறான், எவன் பயந்து போகிறான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் எல்லோரும் "ஹோலி, ஹோலி" என்றார்கள். டீச்சரக்கா ஒரு பையனிடம் மட்டும் திரும்பி வர டிக்கெட் போட வேண்டாமா என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் தன் போனிலிருந்தே அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போடச் சொல்லி, கடையையும் தெருவையும் என்னையும் காட்டச் சொன்னார். நான் நைட்டியோடு நின்றேன், அது வேறு கூத்து. அந்த வீடியோக்களைப் பரப்பிய யூடியூப்காரர் ஒருவரைக் கைது செய்து, மதுரை மத்திய சிறையில்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பையன் ஹோலிக்குப் போகவில்லை. கூட இருந்தவர்களில் நிறையப் பேர் போனார்கள், பாதிப் பேர் திரும்பினார்கள்.

2025 மார்ச் கடைசியில் ஒடிசாக்காரப் பெண்ணுக்குப் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிக்மி நம்பர் இருந்ததால் பிறப்புச் சான்றிதழுக்குத் தகராறு இல்லை. குழந்தைக்குப் பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை டீச்சரக்காதான் தன் கையால் எழுதினார். பிறந்த இடம், மதுரை என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "இவ மதுரைக்காரி ஆயிட்டா. நான் இன்னும் வந்தாளுதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

டீச்சரக்காவிடம் ஆதார் இருக்கிறது. பான் இருக்கிறது. மதுரைத் தமிழ் இருக்கிறது, டிகிரி இருக்கிறது. பாஸ்போர்ட்டும் ஓட்டும் இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பம் போட முடியாது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் எல்லாம் தேதிக் கணக்குதான். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர், அப்பா அம்மா யாராக இருந்தாலும் சரி. முகாம்காரர் யாராவது விண்ணப்பத்துக்கு வந்தால் நாங்கள் முதலில் பிறந்த தேதியைத்தான் பார்ப்போம். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அந்தத் தேதியைக் காட்டித்தான் 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் முதல் ஓட்டுப் போட்டது பேப்பரிலெல்லாம் வந்தது. டீச்சரக்காவும் அதே வருஷம் பிறந்தவர்தான். பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம்.

டீச்சரக்காவின் அண்ணன் கல்யாணம் பண்ணியது அலங்காநல்லூர்ப் பெண்ணை. அவர்கள் பிள்ளைக்கு அம்மா இந்தியர், பிறந்தது மதுரையில், தாய்மாமன் வீட்டில் ஜல்லிக்கட்டு மாடு நிற்கிறது. ஆனால் 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால் அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. எட்டு வயதில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர் சட்டத்தின் கண்ணில் அப்படித்தான் இருக்கிறார்.

2025 செப்டம்பரில் முகாம்காரர்கள் நிறையப் பேர் ஒரே நாளில் கடைக்கு வந்தார்கள். நடுவண் அரசு ஒரு உத்தரவு போட்டிருந்தது. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட் விசா இல்லை என்று வழக்குத் தொடுக்க மாட்டார்கள் என்று. "குடியுரிமை குடுத்துட்டாங்களாமே" என்று ஒரு பெரியவர் கையில் லட்டோடு வந்தார். டீச்சரக்கா அவரை உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். குடியுரிமை இல்லை ஐயா, பிடிச்சு உள்ளே போட மாட்டாங்க, அவ்வளவுதான் என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் நல்லதுதானே" என்று லட்டை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது, மாசப் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று கூட்டியது எல்லாம் அதில்தான். அகதிகள் முகாம் என்ற போர்டு மாறி மறுவாழ்வு முகாம் ஆனதும் அப்போதுதான். வருவாய் ஆய்வாளர் வந்து ஆள் எண்ணுகிற நாளில் மட்டும் எல்லோரும் வீட்டில் இருந்தாக வேண்டும், அது மாறவில்லை. அன்றைக்கு டீச்சரக்கா வேலைக்குப் போக முடியாது.

உதவி செய்கிறோம் என்று வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தீபாவளி, பொங்கல், தலைவர் பிறந்தநாள் வந்தால் வேன் எடுத்துக்கொண்டு முகாமுக்கு வருகிறார்கள். சேலை, எவர்சில்வர் தட்டு, பிஸ்கட், போட்டோ. வாங்கிக்கொண்டு கும்பிடவும் செய்வார்கள், மரியாதை தெரிந்த சனம். ஆனால் ஒருத்தராவது வந்து, "நாளைக்கு எனக்கு லீவு, உங்களில் யாருக்காவது கலெக்டர் ஆபீஸ் வேலை இருந்தால் கூட வருகிறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வங்கியில் முகாம்ப் பிள்ளை நீட்டிய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்க செல்லாது" என்று மேஜையில் தூக்கிப் போட்டார் ஒருவர். அந்தப் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை விழ வேண்டிய கணக்கு அது. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு உள்ளூர்க்காரர் நின்றிருந்தால் அந்த அட்டை பறந்திருக்காது. அடுத்த தடவை எங்கள் வீட்டுக்காரர், லோடு ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கூடப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை, சும்மா நின்றார். கணக்குத் திறந்துவிட்டது.

2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற நேரத்தில், தனுஷ்கோடிப் பக்கம் மறுபடியும் படகுகள் வரத் தொடங்கின. முதல் நாளிலேயே 16 பேர், அதில் சிலரை மணல் திட்டிலிருந்து கடலோரக் காவல் படை மீட்டது. அவர்களை மண்டபத்தில் வைத்தார்கள். ஆனையூர் முகாமில் ஒரு வீட்டுக்கு அதில் பின்னால் வந்த படகில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். டீச்சரக்கா அந்த வீட்டுக்காரர்களோடு மண்டபம் போய்விட்டு வந்தார். என்ன கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். சோப்பு, உள்ளாடை, ஒரு நோட்டுப் புத்தகம் என்றார். நோட்டு எதற்கு என்றால், யார் என்ன கேட்டார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள், என்ன தேதி என்று முதல் நாளிலிருந்து எழுதி வைக்கச் சொல்லிக் கொடுத்தாராம். அவர் அப்பா 1990-இல் அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. பிற்பாடு ஒவ்வொரு ஆபீசிலும் படகு ஏறிய தேதியைக் கேட்டபோது அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். மூன்று அட்டையில் மூன்று தேதி இருக்கிறது இன்றைக்கும்.

இப்போது கடையின் பின்னறையில் மாலை வகுப்பு நடக்கிறது. முகாம்ப் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்தது, ஒடிசாப் பையன் அவன் கூட்டாளிகளைக் கூட்டி வந்துவிட்டான். டீச்சரக்கா அ, ஆ எழுதிப்போடுகிறார், ஒடியாவில் சந்தேகம் கேட்டால் விழிக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவே. மதுரையில் ஒடியா பேசத் தெரிந்தவர்கள், காலேஜ் பிள்ளைகளாக இருந்தாலும் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களாக இருந்தாலும் சரி, வாரத்தில் ஒரு சாயங்காலம் வந்தால் நன்றாக இருக்கும். ஆஸ்பத்திரிக்கோ ரேஷன் கடைக்கோ யார் கூடவாவது போய்வர ஒரு காலை நேரம் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனையூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பின்னறையில் பிள்ளைகள் கத்துகிற ஜெராக்ஸ் கடை எது என்று கேட்டால் காட்டுவார்கள். சம்பளம் கிடையாது. டீயும் பருத்திப்பாலும் என் செலவு.